பின்னுக்குத் திருப்பிய திகதி

எங்கள் ஆய்வுகூடத்தின் மூலையில் தண்ணீரைப் பரிசோதிக்கும் பழைய கருவி ஒன்று இருக்கிறது. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை வைத்து ஒளியைப் பாய்ச்சினால், அதில் எவ்வளவு அமோனியா கலந்திருக்கிறது என்று அதோடு பொருத்திய கணினி காட்டும். அந்தக் கணினி பழுதாகிப் போனபோது கருவியும் நின்றுவிட்டது. அதன் தடித்த வயரைச் செருகப் புதிய கணினிகளில் இடமே இல்லை. கொழும்பிலிருந்து வந்து பார்த்தவர், "கழிச்சிட்டுப் புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் விடவில்லை. களஞ்சிய அறையில் கிடந்த பழைய கணினி ஒன்றைத் துடைத்தெடுத்து மென்பொருளை ஏற்றினேன். திறந்தவுடனேயே மூடிக்கொண்டது. மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. இந்தக் காலத்துத் திகதியை அந்த மென்பொருள் ஏற்கவில்லை. கணினியின் திகதியை இருபது வருடம் பின்னுக்குத் திருப்பினேன். கருவி முனகிக்கொண்டு விழித்தது.

"எப்பிடிச் செஞ்சீங்க தங்கச்சி?" என்றார் பொறுப்பதிகாரி.

"திருத்திட்டன் சேர்."

அவ்வளவுதான் சொன்னேன். திகதியை மாற்றியதுதான் வேலை என்று சொன்னால் என் கெட்டித்தனம் சிறுத்துவிடும் போலிருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அறிக்கை அச்சிடும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் சரியான திகதியைத் தட்டச்சு செய்துகொள்வேன்.

அப்பா வாவியில் மீன் பிடிப்பவர். ஒரு நாள் இரண்டு போத்தல் தண்ணீரோடு ஆய்வுகூடத்துக்கு வந்தார். இறால் பண்ணையின் கழிவு வாய்க்கால் வாவியில் விழும் இடத்தில் மீன்கள் செத்து மிதந்தன. மறுநாள் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கூட்டம். வாய்க்காலை மறிக்கச் சொல்வதற்கு மீனவர்களுக்கு ஓர் அத்தாட்சி வேண்டும்.

அமோனியா நான் பயந்ததை விட அதிகமாக இருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் அச்சிட்டேன். பொறுப்பதிகாரி எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டார். அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் போன் எடுத்தார்.

"புள்ள, அது இருபது வருசத்துக்கு முந்தின தண்ணியாம். பண்ணைக்காரனுகள் சிரிக்கிறானுகள். என்ட மகள் பிழை விடமாட்டாள், மிசின்தான் பிழை எண்டு சொல்லிட்டு வந்தன்."

அந்தத் தாளை அப்பாவால் வாசிக்க முடியாது. என்னால் முடியும். நான் வாசிக்கவில்லை.

பின்னேரம் கச்சேரி அதிகாரி ஆய்வுகூடத்துக்கே போன் எடுத்துப் பொறுப்பதிகாரியோடு பேசினார். அறிக்கை சரியென்று எழுதித் தந்தால் தானே வந்து தண்ணீர் எடுப்பதாகச் சொன்னாராம்.

"என்ன நடந்தது தங்கச்சி?" என்று பொறுப்பதிகாரி கேட்டார்.

"பாத்துச் சொல்றன் சேர்."

பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் மழை கொட்டியது. வெள்ளம் வயலுக்குள் ஏறியதால், வாவி கடலைத் தொடும் முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டிவிட்டார்கள். வாவித் தண்ணீர் கடலுக்கு ஓடியது.

மூன்றாம் நாள் சொன்னேன். அவர் ஏசவில்லை.

"அண்டைக்கே சொல்லியிருந்தா அண்டைக்கே கடிதம் குடுத்திருப்பனே" என்றார்.

கடிதம் போனது. அதிகாரியும் வந்து வாய்க்கால் வாயில் தண்ணீர் எடுத்தார். நான்தான் பரிசோதித்தேன். அமோனியா வெள்ளத்தோடு கடலுக்குப் போயிருந்தது; குறை சொல்ல முடியாத தண்ணீர். அந்த அறிக்கையில் திகதியை மூன்று தரம் பார்த்தேன்.

வாய்க்காலை யாரும் மறிக்கவில்லை. மழை ஓய்ந்த பிறகு அப்பா வலையை வேறு பக்கம் கொண்டுபோனார். இப்போது ஒரு மணித்தியாலம் கூடுதலாகத் தோணி வலிக்கிறார்.

கணினியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: 'இதன் திகதி பொய். கையால் திருத்தவும்.'

ஒரு நாள் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அண்டைக்கு மிசின் பிழைதானே புள்ள?"

"ஓம் அப்பா" என்றேன்.

"நான் அப்பவே சொன்னன்" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.