பத்மாவதி திருத்திய மரணம்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது, பத்மாவதி காலமானார் என்று. அதற்குக் கீழேயே ஒருவர், அவருடைய பதிவில் இறந்த தேதியை யார் ஏற்றப்போகிறீர்கள் என்று கேட்டிருந்தார். வெளியாள் படித்தால் எங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்பார். எங்களுக்கு அதுதானே வேலை.

கல்லூரி நூலகரான பத்மாவதியும், வேதியியல் துறையில் இருந்த நானும், இன்னும் சிலரும் ஞாயிறுதோறும் பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டு மாடியில் கூடுவோம். எந்த ஆய்வுக் கட்டுரையை யார் எழுதினார், எங்கே பணியாற்றினார், எப்போது காலமானார் என்ற விவரங்களெல்லாம் யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் திறந்து கிடக்கின்றன, தப்பும் தவறுமாக. அவற்றைத் திருத்துவோம். சம்பளம் கிடையாது, சண்டை உண்டு. பெரும்பாலும் பத்மாவதிதான் தொடங்குவார்.

அவரே ஒருமுறை உயிரோடு இருந்தவரைக் கொன்றுவிட்டார். வாலாஜாபாத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். நம் ஊர் பேனர்களில் இறந்தவரைவிட அஞ்சலி செலுத்துபவர் படம்தான் பெரிதாக இருக்கும். பேருந்திலிருந்து பார்த்த பத்மாவதி, பெரிய படத்தில் இருந்த பூச்சியியல் பேராசிரியர் போய்விட்டார் என்று பதிவேற்றிவிட்டார். போனவர் பேராசிரியரின் அண்ணன்.

மற்ற தளங்களும் அதை எடுத்துக்கொண்டன. பேராசிரியர் அனுப்பியிருந்த கட்டுரையை இதழ்க்காரர்கள் நிறுத்திவைத்து, உடன் எழுதிய மாணவிக்கு இரங்கல் தெரிவித்தார்கள். அது வெளிவந்தால்தான் அவள் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். பதிவேற்றியவர் பெயரைத் தேடிப் பிடித்து, அழுதபடி பத்மாவதியைக் கூப்பிட்டாள்.

எங்கள் பதிவை உடனே சரிசெய்தோம். போதுமே என்றேன்.

“நம்ம பக்கத்துல எழுந்துட்டாரு. இன்னும் எத்தினி எடத்துல செத்துக் கெடக்குறாரோ, அத யாருபா பாக்கறது?” என்றார்.

ஒவ்வொரு தளத்துக்கும் எழுதினார், தவறு தன்னுடையது என்று பெயர் போட்டே. பேராசிரியர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் காபி கொடுத்து, இரங்கலில் தன்னைப் பற்றி நல்லதாக ஏதாவது எழுதியிருந்தார்களா என்று விசாரித்தாராம். கட்டுரை வெளிவந்தது. மாணவியும் ஆய்வேட்டைக் கொடுத்தாள். அதன்பின் பத்மாவதி எங்களிடம் சொன்னது ஒன்றுதான்: “நேர்ல போய்ப் பாக்காம யாரையும் சாவடிக்காதீங்கபா.”

அவரிடமிருந்து எனக்குத் தங்கியது அந்தப் பழக்கம். செவ்வாயன்று வாட்ஸ்அப்பில் பதில் போடாமல் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றேன் போலிருக்கிறது, அவர் கணவர் வந்து தோளைத் தொட்டார். வீடு திரும்பித் தேதியை ஏற்றினேன். மற்றவர்கள் பதிவில் பிழை கண்டுபிடித்தால் அவ்வளவு சந்தோஷப்படுவேன். இதிலும் ஒரு பிழை இருக்கக் கூடாதா என்று பார்த்தேன். இல்லை.