கெண்டைக்கால் பாடம்

அந்தத் தெருவின் செருப்புக்கடைக்காரருக்கு வெகுநாளாக ஒரு நம்பிக்கை இருந்தது. எதிர்ச்சாரியில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியன் தினமும் கடைக் கண்ணாடி முன்னால் வந்து நின்று ஒரு பழுப்புச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றில்லாவிட்டால் நாளை வாங்கிவிடுவார் என்று கடைக்காரர் நினைத்தார். எலக்ட்ரீஷியன் வாங்கவில்லை. அங்கிருந்து நகர்ந்தால் பாத்திரக்கடை முன்னால் நிற்பார். அதற்கப்புறம் மருந்துக்கடை.

உண்மையில் அவர் எதையும் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்ததும் வலது கெண்டைக்காலை யாரோ இடுக்கி வைத்து முறுக்குவதுபோல் வலிக்கும். நின்றால் விட்டுவிடும். நடுத்தெருவில் சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால், வேடிக்கை பார்ப்பவர்போல் நின்றார்.

நூல்கண்டு வாங்கப் போன அவர் மனைவிதான் ஒருநாள் இதைப் பிடித்தாள். பாத்திரக்கடை வாசலில் பிரஷர் குக்கரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் சத்தமில்லாமல் போய் நின்றாள்.

“என்ன, எனக்கு வாங்கிக் குடுக்கப் போறீங்களா?”

அவர் திடுக்கிட்டு, விலை விசாரிக்கலாம் என்று நின்றதாகச் சொன்னார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் ஒரு கரண்டி விலைகூட விசாரித்ததில்லை. அவள் அவருடைய காலைப் பார்த்தாள். வலது பாதத்தை முழுதாக ஊன்றாமல் நின்றிருந்தார். ஊராருக்கு அளவெடுத்துத் தைக்கிறவள் அவள். ஒருவருக்கு ஒரு தோள் விரற்கடை இறங்கியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

அவளைத் தெருவில் தையல்காரம்மா என்பார்கள். முன்னறை ஜன்னலோரம் மிஷின். பள்ளிச் சீருடைகள், ஜன்னல் திரைகள், இடுப்பைப் பிடித்துவிடச் சொல்லியோ பிரித்துவிடச் சொல்லியோ வரும் கால்சட்டைகள். பகலெல்லாம் உதடுகளுக்கிடையே குண்டூசிகள் இருப்பதால் தலையசைப்பும் ‘ம்’மும்தான் பேச்சு. கல்யாணமான புதிதில் பெடல் மிஷின் இருந்தது. மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துபோகிறதே என்று அவர்தான் மோட்டார் பொருத்திக் கொடுத்தார். அப்போதிலிருந்து பாதத்தை லேசாக அழுத்தினால் போதும். மனைவியை நன்றாக வைத்திருக்கிறார் என்று தெருப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அவள் இழுத்துக்கொண்டு போன கிளினிக்கில் டாக்டர் அவருடைய கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். கணுக்காலில் இருக்கவேண்டிய அளவில் பாதிதான் இருந்தது. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் உள்ளே படிந்து படிந்து குறுகிவிட்டது என்றார். சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டார். எலக்ட்ரீஷியன் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். இப்படியே விட்டால் பாதத்தில் ஒரு சின்னப் புண் வந்தாலும் ஆறாது, விரல் போகலாம், காலே போகலாம் என்று டாக்டர் சொன்னார். ஏணியில் ஏறிப் பிழைக்கும் மனிதரிடம் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. கத்தி வைப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சிகரெட்டை விட்டுவிட்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நடக்கட்டும் என்று பயிற்சி அறைக்கு அனுப்பினார்.

பயிற்சி அறையில் இருந்த பிசியோதெரபிஸ்ட் சின்ன வயசுக்காரி. நடந்தால்தானே வலிக்கிறது, நடக்கச் சொல்கிறீர்களே என்று எலக்ட்ரீஷியன் கேட்டதற்கு, அவள் ஒரு ரப்பர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். ரத்தக்குழாய் வெறும் குழாயல்ல, அதன் உட்சுவர் உயிருள்ளது. நடக்கும்போது ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓடும். அந்த உரசலை உணர்ந்து சுவர் தானாக ஒரு பொருளைச் சுரந்து இளகிக் கொடுக்கும். உட்கார்ந்தே இருந்தாலும் புகைத்தாலும் அந்தப் பழக்கம் அதற்கு மறந்துபோகிறது. திரும்பத் திரும்ப நடந்தால் நினைவு வரும். அடைப்பைச் சுற்றிப் போகிற சின்னக் கிளைக்குழாய்கள் அகலமாகும். கிடைக்கிற ரத்தத்தை வைத்தே வேலை செய்யத் தசையும் பழகிக்கொள்ளும்.

“ஆனா லேசா வலிச்ச உடனே நின்னுட்டா பலன் கம்மி. நல்லா பிடிக்கட்டும். அப்புறம் நில்லுங்க. முழுசா விட்டதும் மறுபடி நடங்க.”

மெயின் லைன் பழுதென்றால் பக்கத்தில் வேறு ஒயர் இழுப்பதுபோல என்று எலக்ட்ரீஷியன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிடிக்கட்டும், நில், விட்டதும் நட. அளவு மனப்பாடம் செய்வதுபோல தையல்காரம்மா அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வீடு வந்தாள்.

மறுநாள் காலையிலிருந்து இருவரும் விளையாட்டு மைதானத்துக்குப் போனார்கள். அவள் கூடப் போனதற்குக் காரணம், அவரைத் தனியே விட்டால் ஏமாற்றுவார் என்பதுதான். அவள் பக்கத்தில் இருக்கும்போதே ஏமாற்றினார். விளக்குக் கம்பத்தின் கீழே நின்று ஃப்யூஸ் பெட்டியை ஆராய்வார்.

“அதை அப்புறம் பாக்கலாம். வலி வந்துச்சா?”

“வர்ற மாதிரி இருந்துச்சு.”

“வர்ற மாதிரிக்கெல்லாம் நிக்கக் கூடாதுன்னாங்க. வரட்டும், நடங்க.”

“டீச்சர் சொன்னா சரி,” என்று நடப்பார். டீச்சர் என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. மைதானத்தில் ஓட வருகிறவர்கள்கூட, டீச்சர் இன்னும் வரலையா சார் என்று அவரிடம் கேட்க ஆரம்பித்தார்கள்.

வலி பிடித்ததும் இருவரும் கம்பி வேலியில் சாய்ந்து நிற்பார்கள். அந்த நிற்றல்களில்தான் அவர்கள் பேசினார்கள். அவர் கம்பத்திலும் கூரையிலும் திரிந்தவர். அவள் வாயில் ஊசியோடு இருந்தவள். வீட்டுக்குள் இத்தனை வருஷமும் சாப்பாடு, மகள், கரண்ட் பில் தவிரப் பெரிதாக எதுவும் பேசியதில்லை. வேலியோரத்தில் அவளுக்கு வாய் திறந்தது. இப்போது ஆபீஸ் போகும் மகளை மாதிரியே தானும் ஒரு காலத்தில் ஓர் அலுவலக வேலைக்கு விண்ணப்பம் போட்டதையும், பரீட்சையன்று காய்ச்சலில் படுத்துவிட்டதையும் சொன்னாள். இன்னொரு நாள், தனக்கு உயரம் என்றால் பயம் என்றாள்.

“நீங்க கம்பத்துல ஏறும்போது நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து பாத்ததில்ல. கீழ இறங்குற சத்தம் கேட்டாத்தான் மூச்சு வரும்.”

அவருக்கு அது தெரியாது. தெரியாதே என்று வெகுநேரம் வேலியைத் தட்டிக்கொண்டு நின்றார். வலி எப்போதோ விட்டுவிட்டிருந்தது. இருவரும் நடக்கவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் வித்தியாசம் தெரிந்தது. முன்பு ஒரு சுற்றுக்குள் பலதடவை நின்றவர், ஒரேயொரு தடவை நின்றார். பாதத்தில் சூடு திரும்பியது. அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. மைதானத்தின் மேட்டுப் பக்கம் ஏறும்போது அவள் பின்தங்க ஆரம்பித்தாள். நடைபாதை ஓரக் கல்லில் உட்கார்ந்துகொண்டு, நீங்க போங்க என்பாள்.

“இப்போ பேஷண்ட் யாரு, டீச்சர்?” என்று அவர் ஒருநாள் கேலி செய்தார்.

அவள் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். “இங்க பிடிக்குது. தாடை வரைக்கும் இழுக்குது. உக்காந்தா விட்டுருது. உங்களுக்குக் கால்ல வந்த மாதிரியேதான்.”

“எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. பயப்படாத. விடட்டும், அப்புறம் நட. தானா வழி விடும்.”

“ம். நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

பாடம் கற்ற இருவரும் பாடத்தைச் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அது கெண்டைக்காலுக்கு உரியது. நெஞ்சுக்கு உரியதல்ல. கெண்டைக்கால் கொஞ்சநேரம் பட்டினி கிடந்தால் வலிக்கும், நின்றதும் பசியாறிக்கொள்ளும். இதயத்துக்கு நின்று பசியாற இடமில்லை. அது பிடிக்கிறதென்றால் அன்றே டாக்டரிடம் போகவேண்டும். இந்த வித்தியாசத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவருடைய காலைப் பற்றிப் பேசிய அறையில் அவளுடைய நெஞ்சைப் பற்றிப் பேச்சு வர எந்தக் காரணமும் இருந்திருக்கவில்லை.

கிளினிக்கில் மறுபரிசோதனைக்கு மகளும் விடுப்பெடுத்துக்கொண்டு வந்தாள். டிரெட்மில்லில் ஏறிய எலக்ட்ரீஷியன் இறங்குகிற வழியாகத் தெரியவில்லை. பிசியோ பெண் சிரித்துக்கொண்டே, கரண்ட் தீர்ந்துவிடும் சார், இறங்குங்கள் என்றாள். கணுக்கால் அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. அதைவிட, வலியில்லாமல் நடக்கும் தூரம் வெகுவாகக் கூடியிருந்தது. கத்தி வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டார், இப்படியே தொடரலாம் என்றாள். பிறகு தையல்காரம்மாவைப் பார்த்து, நீங்களும் கூட நடக்கிறீர்களா என்று கேட்டாள். அவள் தலையசைத்தாள். ரொம்ப நல்லது, விட்டுவிடாதீர்கள் என்றாள் அந்தப் பெண்.

வெளியே வந்ததும், உன் நெஞ்சு விஷயத்தையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அவர் சொன்னார். இன்று உங்கள் நாள், அதில் போய் என் கதையை எதற்கு இழுக்கவேண்டும் என்றாள். மகள் ஆட்டோவைக் கூப்பிட்டபோது இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். வழியில் தையல்காரம்மா இரண்டு இடத்தில் கடைக் கண்ணாடி முன்னால் நின்றாள். மகளுக்குத் துணி காட்டுவதாக நின்றாள்.

அது நடந்தது ஒரு சாதாரணக் காலையில். வெயில்கூட இன்னும் ஏறவில்லை. இன்று நிற்காமல் ஒரு முழுச் சுற்று போய்க் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் போனார். அவள் மேட்டில் கல்லின்மேல் உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கக் கதவை அடைந்ததும் அவர் திரும்பி, மைதானத்தின் குறுக்கே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அவள் கை தூக்கவில்லை. இன்னொரு தடவை காட்டினார். அவள் மெதுவாக, ஊசி தேடக் குனிகிறவள்போல, பக்கவாட்டில் சாய்ந்தாள்.

அவர் ஓடினார். புல்தரையின் குறுக்கே, விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே, நேராக ஓடினார். வாலிபத்துக்குப் பிறகு அவர் ஓடியதே இல்லை. கால் ஒரு இடத்திலும் பிடிக்கவில்லை. அவள் வளர்த்துக் கொடுத்த ரத்தமெல்லாம் அந்தக் காலில் ஓடி, அவரை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பெரிய மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இதற்கு முன்னால் ஏதாவது அறிகுறி இருந்ததா என்று கேட்டபோது மகள் இல்லை என்றாள். எலக்ட்ரீஷியன்தான் எல்லாவற்றையும் சொன்னார். எந்த மேட்டில் பிடிக்கும், எந்தக் கல்லில் உட்காருவாள், உட்கார்ந்தால் எப்படி விட்டுவிடும் என்று, தன் காலைப் பற்றி முன்பு டாக்டரிடம் சொன்ன அதே முறையில் சொன்னார். கடைசியில், “விட்டதும் நடன்னு நான்தான் சொன்னேன்,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் மைதானத்துக்குப் போகவில்லை. ஏணியும் ஏறவில்லை. தைக்காமல் கிடந்த துணிகளை மகள் வீடுவீடாகத் திருப்பிக் கொடுத்தாள். கோடைக்குள் அவர் மறுபடி கடைக் கண்ணாடிகள் முன்னால் நிற்கத் தொடங்கினார். செருப்புக்கடைக்காரர் இப்போது எதுவும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு முக்காலியை எடுத்து வெளியே போட்டார்.

மகள் கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். கடைசியில், உங்களையும் தொலைத்துவிட்டு நான் இந்த வீட்டில் யாரோடு இருப்பேன் என்று கேட்டாள். மறுநாள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் நடந்தார், மகளும் கூட நடந்தாள். ஆனால் வலி வருவதற்கு வெகு முன்னாலேயே நின்றுவிடுவார். வரட்டும்ப்பா, அப்போதுதான் பலன் என்று அவள் சொன்னால், தலையைக் குனிந்துகொண்டு வீட்டுப்பக்கம் திரும்பிவிடுவார்.

அதனால்தான் அவள் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதே அறை, அதே பிசியோ பெண். தையல்காரம்மா போன செய்தி அவளுக்கும் எட்டியிருந்தது; முகம் இளைத்திருந்தது. வலி வருகிறவரை ஏன் போவதில்லை என்று அவள் மெல்லக் கேட்டாள்.

“வலி வந்தா நிக்கணுமில்ல,” என்றார் எலக்ட்ரீஷியன். “நின்னா அவ பேசுவா. அந்த நேரந்தாம்மா எங்களுக்குன்னு இருந்துச்சு. இப்ப அங்க நின்னா யாரு பேசுவா?”

பிசியோ பெண் பேனாவை மூடி வைத்தாள். பிறகு மகளிடம் திரும்பினாள். கூட வருகிறவர்களிடமும் இப்போதெல்லாம் கேட்டுவிடுவதாகச் சொல்லி, நடக்கும்போது நெஞ்சிலோ தாடையிலோ கையிலோ முதுகிலோ எங்கேயாவது பிடிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றாள் மகள்.

“இன்னொரு தடவ கேளுங்க,” என்றார் எலக்ட்ரீஷியன். “அன்னைக்கு நீங்க கேட்டிருந்தாலும் அவளும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லியிருப்பா.”

பிசியோ பெண் நாற்காலியை இழுத்து மகளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். மகளின் மடியிலிருந்த கைப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி கேட்டாள்.