கோழி திருடிய தம்பியைத் தேடி காஜா பெராங்குக்கு

மலாக்காவில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டால் எல்லாரும் ஆற்றங்கரையைக் காட்டுவார்கள். நான் டவுனை ஒட்டிய காஜா பெராங்கைச் சொல்வேன். முதன்முதலில் அங்கே போனது ஜப்பான்காரன் காலத்தில். ஊர் சுற்றப் போகவில்லை, தம்பி முத்து உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கப் போனேன்.

அவனுக்கு வயது பதினான்கு. மலாக்கா டவுனில் அவன் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். பசியில் காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்பத்தில், அதாவது கிராமத்தில், கோழி திருடி மாட்டிக்கொண்டான் என்று அலோர் காஜா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குச் சேதி வந்தது. திருட்டுக்குத் தலை போகும் காலம். அப்பா மலேரியாவில் கிடந்தார். பதினாறு வயதான நான் கிளம்பினேன், பயம் பாதி, ஆத்திரம் பாதி.

பதினைந்து மைல் தூரம். விடிந்ததும் கரியில் ஓடும் லாரி ஒன்று கிடைத்தது. கூலி, வாழைமர நோட்டு என்று நாங்கள் சொன்ன ஜப்பான் பணத்தில் இரண்டு வெள்ளி. டிரைவர் சொன்னார்: "ஜப்பான் காவல் வந்தா இறங்கிக் குனிஞ்சு வணங்கிரு தம்பி. கடிகாரம் இருந்தா கழட்டி ஒளிச்சிக்க, பிடுங்கிருவான்." என் சட்டைக்குப் பொத்தானே கிடையாது!

டவுனிலிருந்து ஒரு மைல் சொச்சம் நடை. விசாரித்துக்கொண்டு போனால், தம்பி ஒரு வீட்டுப் பின்கட்டில் மரவள்ளிக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தான். அறையக் கை ஓங்கினேன். அந்த வீட்டுக் காமாட்சி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்று கோழிகளைப் பறிகொடுத்தவரே அவர்தான்.

கம்பத்தார் தமிழ் வம்சம்தான், ஆனால் பேசுவது மலாய். எனக்கும் அது தெரியும் என்பதால் அக்கா விவரமாகச் சொன்னார். சட்டப்படி புகார் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் பத்து வீட்டாரும் கூடிப் பேசி வேண்டாமென்று முடிவெடுத்தார்களாம். முத்து தினம் ஒரு வீட்டில் வேலை செய்வான், அங்கேயே சாப்பிடுவான். யாரும் அவனைத் திருடன் என்று கூப்பிடக்கூடாது. அன்று அக்கா வீட்டு முறை.

அப்போது பார்த்து ஒரு கான்ஸ்டபிளும் ஜப்பான் சிப்பாயும் ஆள் கணக்கெடுக்க வந்தார்கள். கணக்குக்கு மேல் ஆள் இருந்தால் வீட்டாரே தொலைந்தார்கள். கான்ஸ்டபிள் முத்துவைக் காட்டி யார் என்று கேட்டார்.

"என் மகன்," என்றார் அக்கா.

"அப்ப இவன்?"

"அவனோட அண்ணன்."

கான்ஸ்டபிளுக்குப் புரியாமல் இருந்திருக்காது. சிப்பாயிடம் ஏதோ சொல்லி அழைத்துக்கொண்டு போனார். அவருக்கும் நான் கடன்பட்டவன்.

முத்துவைக் கூட்டிப் போகட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். அவனையே கேள் என்றார். "இன்னும் நாலு வீட்டு முறை இருக்குண்ணே," என்றான் முத்து.

இன்று அலோர் காஜாவிலிருந்து காரில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. வெயில் ஏறுமுன் போங்கள். தமிழில் பேசி மலாயில் பதில் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். வீடுகளைப் படம் பிடிக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளையாவது தப்புச் செய்தால், ஸ்டேஷனுக்கு ஓடுமுன் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிப் பேசிப் பாருங்கள்.

அன்று மாலை நான் தனியாகத்தான் திரும்பினேன். அம்மா வாசலுக்கே ஓடி வந்து, "தம்பி எங்கடா?" என்று கேட்டார்.

"வீட்டுல இருக்கான்மா," என்றேன்.