கதவைத் தட்டிய வீட்டுக்காரர்

பழைய கடனொன்றைக் கட்டத் தவறியதால் என் கிரெடிட் ரிப்போர்ட் கெட்டிருந்தது. இரண்டு பிள்ளைகளோடு எங்கள் நாலு பேருக்கும் எங்கும் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. கடைசியில் நோபல் பார்க் என்ற புறநகரில் ஒருவர் தன் வீட்டைக் காட்ட வந்தார். மெலிந்த, நரைத்த யாழ்ப்பாணத்து மனிதர். வெறும் வீட்டில் ஒவ்வோர் அறைக் கதவையும் தட்டி, சற்றுக் காத்திருந்தே திறந்தார்.

நான் கடனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"பிள்ளையள் சத்தம் போடுவினமோ?"

"ஓம், கொஞ்சம்," என்றேன் பயந்தபடி.

"நல்லது. இந்த வீட்டிலை ஆக்களின்ரை சத்தம் இருக்கோணும்," என்று சாவியைத் தந்தார்.

இரண்டு வருடமாகிறது. தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாலும் வாசலைத் தாண்டமாட்டார். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "நாலு பேர்தானே இருக்கிறியள்?" என்பார். நான் ஓம் என்னும்வரை போகமாட்டார். ஏனென்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.