சட்டைக்கு வெளியே

"கழட்டு," என்றாள் சீருடைப் பெண்.

திரைக்குள் இரண்டு பேர் நிற்க இடம் போதாது. மக்டலின் தன் தொளதொள கவுணைக் கழுத்துவரை தூக்கிப் பிடித்திருந்தாள். மார்புக்குக் கீழிருந்து இடுப்பெலும்புவரை தோல்நிறப் பட்டி ஒன்று அவளை இறுக்கியிருந்தது. பக்கவாட்டில் கொக்கிகள், இரண்டு வரிசை. சீருடைப் பெண்ணின் விரல்கள் ஒவ்வொரு கொக்கியாகத் தடவிப் பார்த்து நின்றன. 2008ஆம் ஆண்டில், திருகோணமலைத் துறைமுக வாசலில், ஒரு பெண்ணின் வயிற்றைச் சுற்றி இப்படி ஒன்று இருந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான் இருந்தது: தற்கொலைக் குண்டு.

"ஒப்பரேசன்," என்றாள் மக்டலின் சிங்களத்தில். "கொழும்பில் செய்தது. கழற்றினால் வீங்கும்."

"என்ன ஒப்பரேசன்?"

"வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறது."

சீருடைப் பெண் வெளியே நின்ற இன்னொருத்தியைக் கூப்பிட்டுச் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, "கழட்டு," என்றாள் மறுபடி.

கழற்றினாள். பட்டியை வெளிச்சத்தில் பிடித்தார்கள். தையல்களைக் கிள்ளிப் பார்த்தார்கள். வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். பட்டியைத் தனியே மாட்ட ஏலாது. வீட்டில் அவள் கட்டிலில் மல்லாந்து மூச்சை உள்ளிழுக்க, அக்கா மாகிரட் முழங்காலைக் கட்டிலில் ஊன்றி இழுத்து மாட்டுவாள். வேலை செய்யும் கந்தோரில் அக்கா இல்லை. பட்டி அன்று முழுவதும் கைப்பைக்குள் கிடந்தது.

மக்டலினுக்கு அப்போது நாற்பத்திநாலு வயது. கல்யாணம் செய்யவில்லை. பாலையூற்றில் மாகிரட்டோடு இருந்தாள். துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் முகவரின் கந்தோரில் சரக்கு விபரங்களைக் கணினியில் பதிவது அவள் வேலை. கையும் காலும் மெல்லியவை. வயிறு மட்டும் இருபத்தைந்து வயதிலிருந்தே முன்னால் நின்றது. பஸ்ஸில் இடம் விட்டு எழும்புவார்கள். "எத்தனை மாதம்?" என்று கேட்பார்கள். முதலில் மறுத்தாள். பிறகு மறுக்காமல் உட்கார்ந்தாள். பட்டினி கிடந்து பார்த்தாள், முகம்தான் ஒட்டியது.

லைப்போசக்‌ஷன் என்ற சொல்லை ஒரு சஞ்சிகையில் பார்த்தாள். சேர்த்து வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனாள். அங்கே வைத்தியர் எழும்பி நிற்கச் சொல்லிப் பேனாவால் வயிற்றில் வட்டங்கள் கீறினார்.

"இது மெலியிறதுக்கான வழி இல்லை," என்றார். "நிறை பெரிதாகக் குறையாது. வடிவம்தான் மாறும். பிறகு கண்டபடி சாப்பிட்டால் கொழுப்பு வேறு இடம் தேடிக்கொள்ளும். தோல் கொஞ்சம் அலை அலையாகவும் நிற்கலாம். யோசித்துத்தானா வந்தனீங்கள்?"

"ஓம்."

"ஏன் இப்ப?"

"எப்ப செய்யச் சொல்லுறீங்கள்?"

வைத்தியர் பேனாவை மூடினார். மருந்து கலந்த உப்புத் தண்ணீரை வயிற்றுக்குள் ஏற்றி, சிறு துளைகளால் மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். விழித்தபோது தாதி போத்தலைக் காட்டினாள். மேலே மஞ்சளாக, அடியில் இளஞ்சிவப்பாக இருந்தது. அடுத்த நாளே நடக்கச் சொன்னார்கள், காலில் இரத்தம் கட்டக் கூடாது என்று. துளைகளிலிருந்து நீர் கசிந்து பஞ்சை நனைத்தது. வயிறு கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. தொட்டால் வேறொருவரின் வயிறு போல மரத்திருந்தது. பட்டியை ஆறு கிழமைக்குப் போட வேண்டும், குளிக்கும்போது மட்டும் கழற்றலாம் என்று வைத்தியர் திரும்பத் திரும்பச் சொன்னார். கொழுப்பு இருந்த இடம் வெற்றிடம். இறுக்கிப் பிடிக்காவிட்டால் நீர் வந்து தங்கும்.

ஊருக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

"சம்பூர்ச் சனம் கொட்டிலுக்குள்ள கிடந்து காயுது. உனக்கு இப்ப இடுப்புத்தான் குறையாப் போச்சு."

"என்ர வயித்தில கிடந்ததை அவையளுக்கு அனுப்பவோ, பாக்கியமக்கா? விலாசம் தாங்கோ, பார்சல் பண்ணுறன்."

பாக்கியரத்தினத்தின் தங்கை குடும்பம் சண்டையால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து அவள் வீட்டில்தான் இருந்தது. மக்டலினுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"எடி, உனக்கு வாயிலயும் ஒரு ஒப்பரேசன் செய்திருக்கலாம்," என்றாள் உள்ளே மாகிரட்.

"எந்தப் பாதையால போறது, எத்தனை மணிக்கு வீட்டுக்குள்ள அடங்கிறது, கடலில ஆர் இறங்கிறது, எல்லாத்தையும் ஆரோ சொல்லுறாங்கள். வயிறு என்ர. அதுக்கும் இவவிட்டக் கேக்க வேணுமே?"

வேலைக்குத் திரும்பும்போது தொளதொள கவுண் போடச் சொன்னது மாகிரட்தான். பட்டி வெளியில் தெரியாது, நாலு பேர் கதைக்க மாட்டார்கள் என்றாள். மக்டலினும் ஒத்துக்கொண்டாள். இறுக்கமான சட்டைக்காரிகளைக் கைவீசி அனுப்புகிற வாசலுக்கு, எதையோ மறைக்கத் தைத்தது போன்ற உடுப்போடு போனாள். சோதனைச் சாவடிகளுக்கு நடுவிலேயே வளர்ந்த இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

அடுத்த நாளும் கழற்றச் சொன்னார்கள். அதற்கடுத்த நாளும். நேற்றுப் பார்த்ததுதானே என்றாள் மக்டலின். நேற்றுப் பார்த்தது நேற்றுக்கு என்றாள் சீருடைப் பெண்.

அன்று பின்னேரம் தொப்புளுக்கு வலது பக்கம் ஒரு புடைப்புத் தெரிந்தது. விரலால் அமத்தினால் தண்ணீர்ப் பை போல ஒரு பக்கம் ஓடி மறுபக்கம் வந்தது. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தாள். நீர் தங்குகிறது என்றாள் தாதி. இன்னும் சேர்ந்தால் ஊசி போட்டு இழுக்க வேண்டும், விட்டால் தோல் ஒட்டாது, குழியும் மேடுமாக நின்றுவிடும். "பட்டியை ஏன் கழற்றுகிறீர்கள்?"

மக்டலின் காரணத்தைச் சொன்னாள். தாதி, "எப்படியாவது போட்டுக்கொண்டு இருங்கள்," என்றாள்.

கந்தோரின் தலைமை எழுதுவினைஞர் ஹெக்டர் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார்.

"நீங்கள் வீட்டில நில்லுங்கோ மிஸ். ஆறு கிழமையும் முடியட்டும். அதுவரைக்கும் தற்காலிகமா ஒரு பிள்ளையைப் போடுறன்."

"தற்காலிகமா எண்டுதானே என்னையும் போட்டனீங்கள், சேர்? அந்தக் கதிரையில முன்னம் இருந்த ஆள் இப்ப எங்க?"

ஹெக்டர் மேசையில் கிடந்த கோப்பை எடுத்துத் திறந்தார்.

"நான் நாளைக்கு வருவன்," என்றாள் அவள். "பட்டியோட வருவன்."

காலையில் மாகிரட் கவுணை எடுத்து நீட்டினாள். மக்டலின் அதை வாங்கிக் கட்டிலில் போட்டாள். உடம்போடு ஒட்டிய வெள்ளை ரீசேட் ஒன்றை அணிந்து, சுருக்கம் விழாமல் கீழே இழுத்து விட்டாள். சுருக்கம் இருந்தால் தோலில் தடம் விழும். பட்டியை எடுத்து அதற்கு மேலே வைத்தாள்.

"மாட்டு, அக்கா."

"உனக்கு விசரே?"

"மாட்டு."

"ரோட்டால எப்பிடியடி போவாய்? அவ்வளவு சனம் பாக்கும்."

"பாக்கட்டும். திரைக்குள்ள ரெண்டு பேர் பாத்துச் சிரிக்கிறதைவிட ரோட்டில எல்லாரும் பாக்கட்டும்."

மாகிரட் முழங்காலை ஊன்றினாள். மாட்டும்போது அழுதாள். ஆனால் கொக்கிகளை ஒன்றும் விடாமல் மாட்டினாள். பாவாடையைப் பட்டிக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு மக்டலின் வெளியே வந்தாள். அவளை வழக்கமாக ஏற்றிப் போகும் ஓட்டோக்காரர் ஸஹாப்தீன் பார்த்துவிட்டு உடனே கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"மிஸ், இது என்ன புது யூனிபோமோ?"

"ஓம். கந்தோரில தந்தது. எடுங்கோ."

வாசலில் ஆண்களின் வரிசை ஒரு பக்கம், பெண்களின் வரிசை மறுபக்கம். அவள் இறங்கியதும் இரண்டிலும் பேச்சு நின்றது. பிறகு ஆண்கள் பக்கத்தில் சிரிப்புத் தொடங்கியது. அவள் வரிசையில் நின்றாள். கைகளால் மறைக்கவில்லை. வெயிலில் தோல்நிறம் இன்னும் தோல் போலவே இருந்தது.

"அக்கா, வடிவாத்தான் இருக்கு!" என்று கத்தினான் ஒரு இளந்தாரி.

மக்டலின் திரும்பினாள். "இன்னும் வீக்கம் வத்தேல்ல, தம்பி. மூண்டு மாசம் கழிச்சு வந்து பார்."

இப்போது சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. இளந்தாரி தன் செருப்பைப் பார்த்தான்.

சீருடைப் பெண் திரையைக் காட்டினாள். மக்டலின் அசையவில்லை.

"இங்கேயே பார். எல்லாம் வெளியில்தான் இருக்கிறது. கொக்கி கழலாது."

சீருடைப் பெண்ணின் முகம் சிவந்தது. அத்தனை பேருக்கு முன்னால் அவள் பட்டியைச் சுற்றிவரத் தடவினாள். மேல் விளிம்பில் விரல் விடப் பார்த்தாள், நுழையவில்லை. தொப்புளுக்கு வலது பக்கம் அழுத்தினாள். மக்டலினின் கண்ணில் நீர் வந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. அதிகாரி ஒருவர் காவலரணிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏன் இதை வெளியே போட்டிருக்கிறாய்?"

"உள்ளே போட்டால் கழற்றச் சொல்கிறீர்கள்."

"நாளைக்கும் இப்படித்தான் வருவாயா?"

"ஆறு கிழமை முடியும்வரை."

அதிகாரி வரிசையைப் பார்த்தார். வரிசை முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையை ஒருமுறை அசைத்தார். மக்டலின் உள்ளே போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மக்டலின் அதே மாதிரி உடுத்துப் போனாள். வாசலில் வேறொரு பெண் நின்றாள். அவளுக்கு முதல்நாள் நடந்தது தெரியாது. மக்டலினை ஓரமாக நிறுத்திவிட்டு வரிசை முழுவதையும் அனுப்பினாள். பிறகு யாரிடமோ தொலைபேசியில் கேட்டாள். பட்டியைத் தடவிப் பார்த்து, போகச் சொன்னாள். கந்தோருக்குப் பிந்தியதால் ஹெக்டர் அரைநாள் விடுப்பு எழுதினார். மத்தியானம் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டாள். ஒரு கப்பலின் சீமெந்து விபரங்களைப் பதிந்து முடித்தாள். பின்னேரம் குளிக்கும்போது புடைப்பை அமத்திப் பார்த்தாள். பெருக்கவும் இல்லை, வத்தவும் இல்லை. மாகிரட் மீண்டும் பட்டியை மாட்டி விட்டாள். மின்சாரம் இல்லை. நேரத்தோடு படுத்தார்கள்.