வாய் மட்டும் தெரிந்த புதையல்

அடுத்தவர் வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பார்த்துப் பார்த்தே பிழைக்கிற தொழில் என்னுடையது. பிறமொழிப் படங்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுகிறேன். அர்த்தம் சரியாக வந்தால், திரையில் அசைகிற வாய் சொல்லோடு ஒட்டாது. வாய் ஒட்டினால் அர்த்தம் கோவித்துக்கொண்டு போய்விடும். இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

கோவில்பட்டியில் ஒன்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். பிறகு வீட்டு மாடியில் உட்கார்ந்து கார்ட்டூன் தொடர்களுக்கு எழுத ஆரம்பித்தேன். பேசுகிற முயல், பாடுகிற லாரி என்று நாலு வருஷம் ஓடியது. அதற்கப்புறம் சென்னை ஸ்டுடியோவிலிருந்து பிரபாகர் சார் ஒரு முழுநீளப் படம் கொடுத்தார். டப்பிங் வேலைகளை மேற்பார்வை பார்ப்பவர் அவர். ஒரு வீடியோ கேமைப் படமாக எடுத்திருந்தார்கள்; புதையல் வேட்டைக் கதை. பேரைச் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதனால் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு நாள் கெடு. நன்றாக எழுதினால் தியேட்டர் படங்கள் வரும், இல்லையென்றால் திரும்பவும் முயல்தான். முயலிடம் திரும்பிப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கறுப்புத் திரை

படம் வந்த அன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம், அதற்குள் ஒரு வாய். அந்த வாய் ஏதோ கத்தியது. வட்டம் மறைந்தது. இன்னொரு மூலையில் இன்னொரு வாய் தோன்றி மூச்சு வாங்கியது. ரிலீசுக்கு முன்னால் படம் வெளியே கசிந்துவிடக் கூடாதென்று பெரிய கம்பெனிகள் இப்படித்தான் அனுப்புமாம். கார்ட்டூன் எழுதியவளுக்கு அது எப்படித் தெரியும்? குகை தெரியவில்லை, பொறி தெரியவில்லை, துரத்துகிறவன் தெரியவில்லை. புதையலே தெரியவில்லை. இரண்டே கால் மணி நேரமும் வெறும் வாய்கள்.

மில்லில் ஃபிட்டராக இருக்கிற என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து, காபி கொண்டுவந்து வைத்தார். வைக்கும்போது ஒரு கணம் பார்த்துவிட்டார். நான் ஒப்பந்தத்தை மீறினேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. டம்ளரைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தவர் கேட்டார்: "ஏட்டி, படத்துக்குள்ள கரண்டு போயிருச்சா?"

மணியாச்சிப் பயணம்

ஆங்கிலத்தில் 'டர்ன்' என்று ஒரே சொல்லை வைத்துப் பிழைத்துவிடலாம். தமிழில் பக்கத்தைப் புரட்டுவோம், சாவியைத் திருப்புவோம், மூடியைத் திருகுவோம், சக்கரத்தைச் சுற்றுவோம். கதாநாயகியின் வாய் "அதை டர்ன் பண்ணு" என்று ஏழு தடவை கத்துகிறது. 'அது' எது? பிரபாகர் சாருக்குப் போன் போட்டால், "எனக்கும் வாய்தாம்மா தெரியுது" என்றார்.

அப்போதுதான் யோசனை வந்தது. படத்தைத்தான் மறைத்திருக்கிறார்கள், கேமைக் கடையில் விற்கிறார்களே! விசாரித்ததில், செல்போன் கடைக்காரர் கைகாட்டிய ஆள் மணியாச்சி ஜங்ஷனில் ரயிலுக்குத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருக்கிற ஞானராஜ் அண்ணாச்சி. ஐம்பத்தாறு வயது. ஓசூருக்கு வேலைக்குப் போன மகன் விட்டுவிட்டுப் போன கேம் பெட்டியில் அந்தக் கேமை மூன்று தடவை ஆடி முடித்தவர். அவருடைய ரெஸ்ட் நாளில் பாசஞ்சர் ரயில் பிடித்துப் போனேன். "கேம் கத்துக்கிடணும் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலி போட்டார்.

நாலு மணி நேரம் ஆடிக் காட்டினார். கதை இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அப்பா தேடிக் கிடைக்காத புதையலை மகள் தேடிப் போகிறாள். அப்பாவின் பழைய கூட்டாளி ஒரு கிழவர் கூடப் போகிறார். உப்பு படிந்த பெரிய சமவெளிக்கு அடியில் பாதாள அறை. அதன் வாசலில் கல் சக்கரம். "திருப்புனாத் தொறக்காது டீச்சர், திருகணும். தோள்பட்ட கழண்டுரும். நான் லிவர் இழுத்த கை, எனக்குத் தெரியும்" என்றார். ஏழு இடத்துக்கும் வினைச்சொல் கிடைத்துவிட்டது. நான் நோட்டு நிறைய எழுதியதை அவர் கவனிக்காத மாதிரியே இருந்தார். சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"நீங்க எதுக்குக் கேக்கீங்கன்னு நான் கேக்கல டீச்சர். ஆனா அந்தப் பெரியவர் சாகுற எடம் இருக்கு பாத்தீங்களா, அங்கன மட்டும் கொஞ்சம் பாத்து எழுதுங்க."

செண்பகத்தின் பஞ்சாயத்து

வசனத்தைச் சத்தமாகப் பேசிப் பார்க்காமல் எழுத முடியாது. மனசுக்குள் பேசினால் நீளம் தெரியாது. ஐந்தாம் நாள் வில்லனும் கதாநாயகியும் மோதுகிற காட்சி. இரண்டு பேருக்கும் நானே பேசினேன். "மரியாதையாச் சொல்லு, எங்க ஒளிச்சு வச்சிருக்க? சொல்லலன்னா இங்கேயே பொதச்சிருவேன்!" அந்த வாய் ஒட்டவே இல்லை. பதினோரு தடவை கத்தினேன். கீழே என் வீட்டுக்காரர் சட்டையில்லாமல் உட்கார்ந்து சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார்.

கதவு தட்டுகிற சத்தம். பக்கத்து வீட்டுச் செண்பகம், கூடவே தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குக் கிளம்பிய இரண்டு பெண்கள். செண்பகம் முதலில் கீழே இருந்தவரிடம் காயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாடிக்கு வந்திருக்கிறாள். நான் விளக்கம் சொல்வதற்குள் அவளே ஒரு தீர்ப்புக்கு வந்துவிட்டாள்: "டீச்சர், அவிய எங்கன ஒளிச்சு வச்சிருந்தாலும் மெதுவாத் தேடிக்கிடலாம். பொழுது விடிஞ்சதும் அந்த மனுசனப் போட்டு வையாதீங்க."

உப்பு மேல் நடந்தவள்

கிழவர் உப்புப் பரப்பில் காலை வைக்கிறார். மேல்பரப்பு விரிசல் விடுகிறது. கதாநாயகி கத்துகிறாள். அவள் வாய் அகலமாகத் திறந்து, கடைசியில் உதடு இரண்டும் டப்பென்று ஒட்டி மூடுகிறது. 'ஜாக்கிரதை' என்று எழுதினால் வாய் திறந்தே கிடக்கும். 'கவனம்' ஒட்டியது, ஆனால் சாகப்போகிற ஆளைப் பார்த்து யார் 'கவனம்' என்பார்கள்? அரை நாள் போராடிப் பார்த்துவிட்டு, விளாத்திகுளம் போய் அங்கிருந்து குளத்தூர் பஸ் ஏறினேன்.

உப்பளத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒதுங்கியிருந்த பெண்களிடம் போய் உட்கார்ந்தேன். புதுசாக வந்த ஒருத்தர் பாத்தியில் தப்பான இடத்தில் கால் வைக்கப் போனால் நீங்கள் என்ன சொல்லிக் கத்துவீர்கள் என்று கேட்டேன். பிச்சம்மாள் என்ற அம்மா, சாப்பிட்ட கையை உதறிக்கொண்டே சொன்னார்: "கவனம், கிவனம்னு சொல்லிக்கிட்டு நின்னா அவன் முழங்கால் வரைக்கும் போயிருவான். 'மிதிக்காத, உள்வாங்கும்!' அம்புட்டுத்தான்."

உள்வாங்கும்! கடைசியில் 'ம்', உதடு மூடுகிறது. பஸ்ஸில் உட்கார்ந்தே பேசிப் பார்த்தேன். கச்சிதமாக ஒட்டியது. மழை பெய்த கரிசலில் கால் வைத்த எனக்கே இந்தச் சொல் தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. அன்றைக்கே முதல் பாதியை அனுப்பினேன். மறுநாள் பிரபாகர் சார் போன் செய்தார். 'உள்வாங்கும்' புரியாதாம். வசனம் முழுக்க ஊர் வாடை அடிக்கிறதாம். "சென்னையில யாரும் சேத்துல கால் வச்சதே இல்லையா சார்?" என்று கேட்டேன். "இந்த ஒண்ணை விடறேன். ஆனா ரெண்டாம் பாதியும் இப்படியே வந்தா மீதியை வேற ஆள்கிட்ட குடுத்துருவேம்மா" என்றார்.

நாலு விநாடி

அதற்கப்புறம் அந்தச் சாவு. பாதாள அறை இடிகிறது. கிழவர் கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டு அவளை அனுப்புகிறார். நீ முன்னால் போய்க்கொண்டிரு, நான் உன் பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்று பொய் சொல்கிறார். அவள் நம்பிப் போகிறாள். வட்டத்துக்குள் அந்த வாய் இரண்டு தடவை லேசாக மூடித் திறக்கிறது, அப்புறம் அகலமாகத் திறந்து அப்படியே ஒரு விநாடி நிற்கிறது. மொத்தம் நாலு விநாடி. பத்தொன்பது விதமாக எழுதினேன். எல்லாமே அர்த்தமாக இருந்தது, எதுவும் ஒரு மனுஷன் பேசுகிற மாதிரி இல்லை. பத்தாம் நாளும் முடிந்துவிட்டது. பேசாமல் வேறு ஆளே எழுதட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்ததும் உண்மை.

என் அப்பா திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்தார். ஒருநாள் காலையில், மாற்றுத் துணி எடுத்து வர ஊருக்குக் கிளம்பினேன். படுத்தபடியே கையைத் தூக்கி, "நீ போம்மா, நான் வாரேன்" என்றார். "போறவ நான், நீங்க எங்க வாரீங்க? பேசாமப் படுங்க" என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது போன் வந்தது. நம் ஊரில் போகிறவர்கள் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை என்பது அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பத்தாம் நாள் ராத்திரி, கிழவரின் வாயை ஓடவிட்டு, அப்பா சொன்னதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். 'போ'விலும் 'ம்மா'விலும் உதடு மூடித் திறந்தது. 'வா'வில் வாய் அகன்று நின்றது. எழுதி அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வைத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் பிரபாகர் சாரிடமிருந்து பதில் வந்தது: "வாரேன் தப்பு. வர்றேன்னு மாத்தி அனுப்புங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

மாற்றவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கே போய்விட்டேன். என்னை ஸ்டுடியோ வாசலில் பார்த்ததும் பிரபாகர் சார் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. ஆனாலும் நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார். "ரெண்டு விதமாவும் பேசச் சொல்லுங்க சார். வாய் எதைக் கேக்குதோ அதை வைங்க. என்னுது ஒட்டலன்னா நானே மாத்தித் தாரேன்" என்றேன்.

கிழவருக்குக் குரல் கொடுத்தவர் சிவசாமி ஐயா. என் வயது எவ்வளவோ, இந்தத் தொழிலில் அவருக்கு அனுபவம் அவ்வளவு. முதலில் 'வர்றேன்' பேசினார். வாய் இன்னும் திறந்திருக்கும்போதே சொல் முடிந்துபோயிற்று. இன்னொரு தடவை இழுத்துப் பேசினார், விக்கல் மாதிரி இருந்தது. பிறகு என் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீ போம்மா... நான் வாரே..." என்றார். கடைசி எழுத்து வரவில்லை. அந்த வாயும் அங்கேதான் நின்றது. ரெக்கார்டிங் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சவுண்ட் இன்ஜினியர் பழக்கதோஷத்தில் "சேஃப்டிக்கு இன்னொரு டேக் போலாமா?" என்றார். சிவசாமி ஐயா மைக்கைக் கையால் மூடினார்.

"இன்னொரு தடவை கேக்காதீங்கப்பா, என்னால ஆகாது."

திரையில் ஒரு பெயர்

படம் எங்கள் ஊரிலேயே ரிலீஸ் ஆனது. வாய்க்கு மேலே மூக்கு, கண்ணெல்லாம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சண்டை போட்டுக் காப்பாற்றிய 'உள்வாங்கும்' வந்த இடத்தில் முரசும் எக்காளமுமாகப் பின்னணி இசை போட்டு அமுக்கியிருந்தார்கள். ஒருத்தர் காதிலும் விழுந்திருக்காது. புதையல் என்னவென்றும் பார்த்தேன். அவ்வளவு அலைச்சலுக்கு அது கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் கிழவர் கல்லுக்கடியில் கிடந்து 'நான் வாரே...' என்றபோது, விசிலடித்துக்கொண்டிருந்த தியேட்டர் அடங்கிவிட்டது. எனக்குப் பின்வரிசையில் ஒரு அம்மா, யாரோ தன்னிடமே சொல்லிக்கொண்டு கிளம்புகிற மாதிரி, "போயிட்டு வாங்க" என்று தன்னையறியாமல் முணுமுணுத்தார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். அப்பா கடைசியாகச் சொன்னது அவருக்குத் தெரியாது. தெரிந்ததோ என்னவோ.

கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. தமிழ் வசனம் எழுதியவர் பெயர் எல்லாவற்றுக்கும் பிறகுதான் வரும். ஆட்கள் எழுந்து போய்விட்டார்கள். விளக்கைப் போட்டுத் திரையை நிறுத்திவிட்டார்கள். நான் விடவில்லை. ஆபரேட்டர் அறைக்குப் படியேறி, அடுத்த காட்சியில் கடைசிவரை ஓட்டும்படி கேட்டுக்கொண்டு, திரும்பவும் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தேன். ஓட்டினார். காலியான தியேட்டரில் நானும், துடைப்பத்தோடு வந்த ஒரு அக்காவும். "என் பேரு வரும், அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்" என்றேன். "அப்பிடியா!" என்று அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் நின்று திரையையே பார்த்தார். வந்தது. நான் கையை நீட்டினேன்.

"எங்கன? எதுன்னு சரியாக் காட்டுங்க... ஏ, அதான் போயிருச்சே!"

இரண்டே கால் மணி நேரம் ஊரார் வாயில் பேசிவிட்டு ஒன்றரை விநாடி சொந்தப் பெயரில் நிற்கிற தொழில் இது, அந்த ஒன்றரை விநாடியையும் நாமே போய்க் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.