நிர்மலா ஒட்டும் பென்குயின்

பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, "முடிஞ்சுது. இனிமே இது சுத்தமான வண்டி" என்பார் நிர்மலா. பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பென்குயின் ஸ்டிக்கரை எடுத்து, நகத்தால் முனையைப் பிரித்து, கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் ஒட்டுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டில் ஒட்டிக்கொள்கிற அதே ஸ்டிக்கர்தான். விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டாயிற்று என்பதற்கு அது அடையாளம். லினக்ஸுக்குச் சின்னமே பென்குயின்தான் என்பது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கொக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நல்லம்பள்ளி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, உரக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் நெருக்கிப் பிடித்த கடை அவருடையது. பட்டா நகல், ஹால் டிக்கெட், செராக்ஸ், டைப்பிங் வகுப்பு, கம்ப்யூட்டர் பழுது எல்லாம் அந்த ஒரே அறையில். பத்திரிகைக்கு எழுதுவதை ஸ்கேன் செய்து அனுப்ப நான் அங்கேதான் போவேன். வேலை ஐந்து நிமிஷம், பிரசங்கம் அரைமணி நேரம்.

"குரோம் நல்லாத்தான் ஓடும் சார், இல்லேங்கல. ஆனா மெமரி பூராத்தையும் மேஞ்சுரும், கேவுரு கொல்லையில ஆட்ட வுட்ட மாதிரி. இந்த எட்ஜு இருக்குதே, கூப்புடாமயே பந்தியில வந்து ஒக்காந்துக்கும். ஃபயர்பாக்ஸ்தான் கம்முனு வந்த வேலையப் பாத்துட்டுப் போவும்." அடுத்து விண்டோஸுக்கு வருவார். "பழைய பெட்டிக்குப் புது விண்டோஸு தாங்காது. பழைய விண்டோஸுக்கு இனிமே அப்டேட்டு வராது. லினக்ஸு போட்டுக்குங்க, ஓசி. வைரஸும் கிட்ட அண்டாது."

பிரிண்டர் வேலை செய்யுமா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. முகம் சுண்டிவிடும். "அது பிரிண்டரோட கோளாறு சார்" என்பார். நச்சரிப்பு தாங்காமல் என் லேப்டாப்பையும் ஒருநாள் கொடுத்துத் தொலைத்தேன். பென்குயினோடு திரும்பி வந்தது. அன்றிலிருந்து என் வீட்டுப் பிரிண்டர் மூச்சுவிடவில்லை. பிரிண்ட் எடுக்க அவரிடமே போய் நிற்கிறேன். நல்ல வியாபாரம்!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் மெயில் ஐடி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். பெயர், இனிஷியல், பிறந்த வருஷம் என்று எல்லாருக்கும் ஒரே அச்சு. கூடவே ஒரு பாடமும் உண்டு. மேசையில் ஸ்கேலால் தட்டித் தட்டிச் சொல்வார்: "'உள்ள வர்றது நீங்கதானா'ன்னு போன்ல ஏதாச்சும் கேக்குதா? நீயா கேக்காம வந்துச்சுன்னா 'இல்ல'ன்னு அமுக்கிரு. மொதல்ல அமுக்கு, அப்புறம் யோசி." அந்த ஸ்கேல் சத்தத்தில் படித்த பிள்ளைகள் எதையும் மறப்பதில்லை.

பெரியண்ணன் என்பவர் வந்தது போன மாதம். தக்காளி போடுகிறவர், வார்த்தைக்குப் பஞ்சம் பிடித்த மனிதர். கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி, டிவிஎஸ் வண்டியின் பின்னால் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"சுத்திக்கிட்டே கெடக்குதும்மா. படம் வர்றதுக்குள்ள விடிஞ்சுருது."

"என்னா படங்ணா?"

"அதான்... தக்காளி வெல போடறாங்கல்ல. அது."

நிர்மலா கேட்க வேண்டியதைக் கேட்டார். நான் சாட்சி. "உள்ள முக்கியமா ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? எல்லாத்தையும் தொடச்சுருவேன்."

"ஒண்ணுமில்லம்மா. வெல பாக்கறதுதான்."

அப்படியும் உள்ளே இருந்த கல்யாணப் படங்கள், பத்திர நகல்கள் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் துடைத்தார். லினக்ஸ் ஏறியது, ஃபயர்பாக்ஸ் ஏறியது, எடுத்து வைத்ததும் பத்திரமாகத் திரும்பிப் போனது. உள்ளங்கையால் ஒரு தட்டு, முகப்பில் ஒரு பென்குயின்.

மறுநாளே பெரியண்ணன் அதே துண்டு, அதே கயிற்றோடு வந்து நின்றார்.

"கலர் கலரா ஒரு வட்டம் இருக்குமே, அது எங்கம்மா?"

"குரோமுங்களா? அத எடுத்துட்டேங்ணா. இந்த ஃபயர்பாக்ஸ் நரிதான் உங்க பெட்டிக்கு..."

"எனக்கு நரி வேணாம். வட்டத்தப் போடு."

பெரியண்ணன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நிர்மலா மறுபேச்சில்லாமல் குரோமைப் போட்டுத் திறந்தார். மெயில் ஐடி கேட்டது. "யாரு பேர்லங்ணா தொறந்து வெச்சிருந்தீங்க?" என்றார்.

பெரியண்ணன் தெருவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "எம் பொண்ணு தொறந்து வெச்சது" என்றார்.

ஐஸ்வர்யா! நல்லம்பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு அவள் பெங்களூரு போனதிலிருந்து அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மணிக்கு எத்தனையோ பெங்களூரு பஸ் இந்த ஹைவேயில் போகிறது. எதிலும் இவர் ஏறியதில்லை. ஆனால் அவள் வீட்டை விட்டுப் போனபோது இந்தக் கம்ப்யூட்டரில் தன் கணக்கை மூடாமல் போய்விட்டாள். அவள் போனில் எடுக்கும் படங்களெல்லாம் தானாகவே அந்தக் கணக்கில் வந்து சேரும். இந்த மனுஷன் சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டு, பேத்தி தவழ்ந்ததையும் நடந்ததையும் யூனிஃபார்ம் போட்டதையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஊருக்கு அது தக்காளி விலை.

"பாஸ்வேர்டு தெரியுங்களாணா?"

"அது எதுக்கு? தொட்டா தொறந்துக்குமே."

நிர்மலாவின் கை மவுசிலேயே நின்றுவிட்டது. வேண்டியதையெல்லாம் எடுத்து வைத்தவர், அந்தத் திறந்த கதவை மட்டும் குப்பை என்று பெருக்கித் தள்ளிவிட்டார். "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுங்களாணா?" என்றார். கோபமாக ஆரம்பித்த வாக்கியம் முடியும்போது அழுகையாகிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஆளாக இருந்தால் பெரியண்ணன் பெங்களூரு பஸ்ஸில் எப்போதோ ஏறியிருப்பார்.

ஐடி நிர்மலாவுக்குத் தெரியும். ப்ளஸ் டூ முடித்தபோது ஐஸ்வர்யாவுக்குப் போட்டுக் கொடுத்தவரே அவர்தானே. பெயர், இனிஷியல், வருஷம். அடித்தார். பாஸ்வேர்டு கேட்ட இடத்தில் 'வேறு வழி' என்பதைத் தொட்டார். அதற்குமேல் போகவில்லை.

"இத அமுக்குனா ஐஸ்வர்யா பாப்பா போனுக்குப் போவுங்ணா. யாரோ உள்ள வரப் பாக்கறாங்க, நீதானான்னு கேக்கும். அது 'ஆமா'ன்னாதான் தொறக்கும்."

"நாந்தான்னு தெரிஞ்சுருமா?"

"பேரு காட்டாதுங்ணா."

பெரியண்ணன் எழுந்து பேக்கரி வரைக்கும் போனார். ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தார். "அமுக்கு" என்றார்.

போனைப் பார்க்கும்படி திரை சொன்னது. எந்தப் போனை? அது பெங்களூரில், ஏதோ ஒரு சமையலறையில் இருந்தது. எனக்கு என்ன வந்தது இதில்? ஆனாலும் நானும் திரைக்குக் கிட்டே போய்க் குனிந்தேன். நாங்கள் சரியாக மூச்சுவிடுவதற்குள் திரை மாறிவிட்டது.

"என்னா சொல்லுது?"

"'நான் இல்ல'ன்னு பாப்பா அமுக்கிருச்சுங்ணா."

"ஒடனே அமுக்கிட்டாளா?"

"ஒடனேதாங்ணா."

பெரியண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப போனு கையிலதான் இருந்திருக்குது" என்றார். "நல்லாத்தான் இருக்கா."

நிர்மலா துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தார். "நாந்தாங்ணா அப்பிடிச் சொல்லிக் குடுத்தேன். யாருன்னு தெரியலன்னா மொதல்ல இல்லன்னு அமுக்குன்னு."

"மறக்கல பாரு" என்றார் பெரியண்ணன். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை.

"ஐடி இருக்குதுல்லங்ணா, ஒரு மெயிலு போடட்டுங்களா?"

"என்னன்னு போடுவ?"

யோசித்துப் பார்த்தார் நிர்மலா. விரல்கள் கீபோர்டின் மேல் இருந்தன. எத்தனையோ பேருக்கு மனு அடித்துக் கொடுத்த விரல்கள். ஒரு எழுத்தும் விழவில்லை.

"வுடும்மா. திருட்டுத்தனமா பாத்துட்டு இருந்தேன்னு தெரிஞ்சா, அதுக்கும் சேத்துக் கோவிச்சுக்குவா." எழுந்து கயிற்றைக் கையில் எடுத்தவர், திடீரென்று கேட்டார்: "அவளுக்கு என்னதான் காட்டியிருக்கும், அந்தப் போன்ல?"

"எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து வர்றாங்கன்னுங்ணா. ஊரு சரியாக் காட்டாது, மெட்ராஸுன்னுகூடக் காட்டும்." நிர்மலாவின் குரல் இறங்கிவிட்டது. "விண்டோஸா இருந்திருந்தா, நம்ம வூட்டுப் பெட்டியா இருக்குமோன்னு ஒரு நிமிசம் நெனச்சிருக்கும். இதுல லினக்ஸுன்னு காட்டியிருக்கும். உங்க வூட்டுல ஏது லினக்ஸு? யாரோன்னுதான் நெனச்சிருக்கும்."

"யாரோதான்" என்றார் பெரியண்ணன்.

அவர் துண்டை விரித்தார். நிர்மலா பெட்டியைத் தன் பக்கம் திருப்பினார். வழக்கமான தட்டு இல்லை, பிரசங்கமும் இல்லை. குனிந்து, நகத்தால் பென்குயினின் முனையைக் கிளப்பப் பார்த்தார். நேற்று ஒட்டிய பசை, லேசில் வரவில்லை. தலையும் உடம்பும் கிழிந்து வந்தன, கால்கள் பெட்டியிலேயே நின்றுவிட்டன. பெரியண்ணன் கயிற்றோடு காத்திருக்க, நிர்மலா துப்பட்டா முனையைத் தண்ணீரில் நனைத்து அந்தக் கால்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.